பன்னிரண்டாம் பக்கம்

சின்னசேலத்தில் அச்சகம் நடத்தும் சடகோபன், குமுதவல்லி எழுதிக் கொடுத்திருந்த ஊர் வரலாற்றிலிருந்து பன்னிரண்டாம் பக்கத்தை உருவி மேசைமேல் வைத்தார்.

"இத மட்டும் எடுத்துடுங்க டீச்சர். மத்ததெல்லாம் இன்னைக்கே அடிச்சித் தரேன்."

பஞ்ச காலத்தில் ஊர்ப் பண்ணையார் நெற்களஞ்சியத்தைப் பூட்டிக்கொள்ள, அவர் நிலத்தில் உழைத்த பதினோரு பேர் பட்டினியில் செத்ததைச் சொல்லும் பக்கம் அது. பதினோரு பேரின் பெயர்களும் அதில் இருந்தன.

"எடுக்க மாட்டேங்க. அவங்க பேரு வேற எங்கயும் இல்ல."

"செத்தவங்க உங்க ஜனம். உங்க வேதன எனக்குப் புரியுது. ஆனா பண்ணையார் வூட்டுப் பெரியவரு காலைல போன் பண்ணி, அடிச்சா பிரஸ்ஸயே கொளுத்திடுவேன்னு சொல்றாரு. நான் இன்னா பண்றது?"

"எல்லாப் பொறுப்பும் என்னோடதுன்னு எழுதித் தரேங்க."

அவள் அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்த சடகோபனின் விரல், தகப்பன் பெயர் இருந்த இடத்தில் நின்றுவிட்டது. காலையில் போனில் மிரட்டியவரின் பெயர் அது.

"அவரு உங்க அப்பாவா?"

"ஆமாங்க. களஞ்சியத்தப் பூட்டுனது எங்க கொள்ளுத்தாத்தா."

சடகோபன் கண்ணாடியைக் கழற்றி அந்தத் தாளின்மேல் வைத்தார்.

"இத அடிச்சிட்டா, அப்பறம் எப்படி டீச்சர் வூட்டுக்குப் போவீங்க?"

"மொத காப்பிய கையில எடுத்துக்கினு போவேங்க," என்றாள் குமுதவல்லி. "அவருதான் மொதல்ல படிக்கணும்."