புதன்கிழமை ஈரம்

தெருமுனையில் டி.வி.எஸ். வண்டியின் சத்தம் கேட்டதும் ராமுத்தாய் அவசரமாகச் சீவினாள். சீப்பு தலையிலேயே மாட்டிக்கொண்டது.

பொழுது சாயத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன், உச்சிவெயில் இறங்குவதற்குள் திரும்பிவிட்டார்.

சீப்பை இழுத்தாள். வரவில்லை. பிடரியில் முடி குருவிக்கூடு மாதிரி சுருண்டு கிடந்தது.

இன்றைக்குப் புதன். செவ்வாய், வெள்ளியை விட்டால் அகரம் ஊரில் எந்தப் பெண்ணும் தலைக்கு ஊற்ற மாட்டாள். ஊற்றினால் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தெருவே கேட்கும்.

பக்கத்து வீட்டு அமலராணி சற்று முன்னால்தான் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டாள்.

"என்ன மதினி, புதன்கிழமையும் அதுவுமா தலைக்கு ஊத்தியிருக்கீங்க? அண்ணன் வீட்டுல இல்லாத நாளாப் பாத்துக் குளிச்சு என்ன பிரயோசனம்?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். ராமுத்தாயும் சிரித்துவைத்தாள். பூ பறித்ததில் கசகசப்பு என்று ஒரு பொய்யும் சொன்னாள்.

அமலராணியிடம் அந்தப் பொய் செல்லும். புருஷன் பொன்னுத்துரையிடம் செல்லாது. கிழமை தவறிய ஈரத்தலைக்கு அவர் ஒரே அர்த்தம்தான் எடுப்பார். சாவு வீடு.

எந்தச் சாவு வீடு என்றும் அவருக்குத் தெரியும்.

சின்னாளப்பட்டியில் மகள் பவித்ராவின் மாமியார் இறந்துபோன செய்தி காலையிலேயே இந்த வீட்டுக்கும் வந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் அது காதில் விழாதது போல எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். அப்புறம் அவர், கிணற்று மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிறவனைப் பார்க்கத் திண்டுக்கல் போவதாகச் சொல்லி வண்டியை எடுத்தார். சத்தம் தேய்ந்ததும் இவள் பஸ் ஏறினாள்.

பவித்ரா ஒரே மகள். நெசவுக்காரப் பையனைத் தானே தேடிக் கட்டிக்கொண்டவள். "இனி அவ பேச்சு இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்று சொன்னவர் பொன்னுத்துரை. அதை நடத்திக் காட்டியவள் ராமுத்தாய்.

சமாதானம் பேச அந்தச் சம்பந்தியம்மாள் ஒருநாள் வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு சுங்குடிச் சேலையும் இருந்தன. ராமுத்தாய் அவளை வெயிலில் நிற்கவைத்தே பேசித் திருப்பி அனுப்பினாள். ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தெருவே பார்த்தது. அன்றைக்கு அது பெருமையாக இருந்தது.

இன்றைக்கு அந்தச் சம்பந்தியம்மாளின் முகத்தைப் பார்க்கப் போயிருக்கிறாள். முக்காடு போட்டுக்கொண்டு, பந்தலுக்கு வெளியே, தெருப் பெண்களின் முதுகுக்குப் பின்னால் நின்று. தண்ணீர் வேண்டுமா என்று யாரோ சொம்பை நீட்டினார்கள். வாங்கிக் குடிக்கக் கை எழவில்லை.

மகள் பிணத்தின் கால்மாட்டில் கிடந்தாள். முழங்காலைத் தொடும் முடி அவிழ்ந்து தரையில் புரண்டது. அழுகைக்கு நடுவே அவள் ஒன்று சொன்னாள். அதைக் கேட்ட பிறகு ராமுத்தாயால் அங்கே நிற்க முடியவில்லை. வந்த வழியே நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கொல்லைத் தொட்டியில் தலையோடு ஊற்றிக்கொண்டாள். சாவு வீட்டுக்குப் போய்விட்டு அப்படியே எப்படி உள்ளே நுழைவது? அதுவரை சரிதான். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் தப்பு.

நீள முடியை நனைத்தால் அதற்குரிய மரியாதையைச் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மகளைக் காலிடுக்கில் உட்காரவைத்துச் செய்தவள்தானே. பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், துண்டால் தேய்த்தால் பின்னிக்கொள்ளும். சொட்டுகிற ஈரத்தில் சீப்பே படக் கூடாது. நுனியில் துளி எண்ணெய் தடவி, விரலாலேயே பிரித்து, கீழிருந்து மெல்ல மேலே ஏற வேண்டும்.

அவர் வருவதற்குள் காய வேண்டுமே என்ற அவசரத்தில் துண்டால் பரபரவென்று தேய்த்து, உச்சியிலிருந்து ஒரே இழுப்பு இழுத்தாள். முடிச்சு இறுகிக்கொண்டது.

வண்டி வாசலில் நின்றது.

"வாங்கண்ணே வாங்க! மதினி உங்களுக்குன்னே தலைக்குக் குளிச்சு உக்காந்திருக்காக!" என்று அமலராணி கூவினாள்.

போயிற்று.

ராமுத்தாய் சேலைத் தலைப்பை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். ஈரம் அதிலும் ஊறியது.

பொன்னுத்துரை கொல்லைப்பக்கம் வந்தார். அவள் முதுகில் சொட்டும் தண்ணீரையும், தலைப்புக்குள் முட்டிக்கொண்டு நின்ற சீப்பையும் பார்த்தார்.

கத்தினாலும் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அன்றைக்குத் தெருவுக்கே கேட்கும்படி பேசிய வாய், இன்றைக்கு ஒரு பொய்க்குக்கூடத் திறக்க மாட்டேன் என்றது. தலை தானாகக் குனிந்தது.

அவர் அவளுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். தலைப்பை விலக்கினார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் பகலில் அவர் அவள் முடியைத் தொட்டதில்லை.

கற்றையை உள்ளங்கையில் ஏந்தி, நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரிக்கத் தொடங்கினார். காய்த்துப்போன விரல்கள். ஆனாலும் ஒரு இடத்தில்கூட வலிக்கவில்லை. நடுவில் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முதுகில் ஒற்றினார். துண்டு ஏற்கெனவே நனைந்து சில்லென்று இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் அவசரப்படவில்லை. அமலராணிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"'அத்தை, இனி எனக்கு யாரு சிக்கெடுத்து விடுவா'ன்னு புள்ள கதறுனப்ப, நீயாவது முன்னால போவேன்னுதான் நானும் பந்தக்காலப் புடிச்சுக்கிட்டு நின்னேன், ராமு."