சொல்லாத சிங்கப்பூர்

“சிங்கப்பூருக்குப் போய் வந்த கதைய நீ ஒருநாளும் எனக்குச் சொல்லல்லியே, யசோ?”

நிஸ்றாவின் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்த யசோதினியின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

“இப்ப எதுக்கு நிஸ்றாக்கா அந்தக் கதை?”

“இன்னும் கொஞ்ச நேரத்தில என்ன ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோயிருவாங்க. திரும்பி வந்தா வாறதுதான். இருவது வருசமா நானும் கேக்கல்ல, நீயும் சொல்லல்ல. இண்டைக்குச் சொல்லு புள்ள.”

நிஸ்றாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. அரைவாசி நம்பிக்கைதான் என்று டாக்டர் முன்தினமே சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே வாவி அசையாமல் கிடந்தது.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். அப்போது யசோதினிக்கு இரண்டு சின்னப் பொடியன்கள். நிஸ்றாவுக்கும் அதே வயதில் இரண்டு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து யசோதினியும் அவள் கணவன் ஜெயந்தனும் எங்கேயும் போனதில்லை. சிங்கப்பூரில் இருந்த ஜெயந்தனின் அண்ணன் பார்த்தார்; மார்கழி விடுமுறைக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பிவிட்டார்.

பிள்ளைகளை வாவிக்கு அக்கரையில் மண்டூரில் அம்மாவிடம் விடலாம் என்றால், அந்த மழையில் வாவி பெருகித் துறையில் தோணியே ஓடவில்லை. “என்னட்ட விட்டுட்டுப் போ. நாலு பொடியனுகளும் ஒண்டா விளையாடட்டும்” என்று நிஸ்றாதான் பிடிவாதமாக அனுப்பிவைத்தாள். காத்தான்குடியில் அவள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் தெருதான் இருந்தது.

அந்த மார்கழியில்தான் சுனாமி வந்தது.

“என்ன யோசிக்காய்? சொல்லு.”

யசோதினி மெதுவாகத் தொடங்கினாள். “பிளேனில ஏறின நேரத்தில இருந்து பிள்ளைகளப் பத்தித்தான் கதைச்சம். ‘சின்னவன் இருந்தா இந்த முகிலப் பிடிச்சுத் தாங்க எண்டு அழுதிருப்பான்’ எண்டார் இவர். அங்க கடையில பெரியவனுக்குச் சப்பாத்து வாங்கினம். அவன்ட கால அளந்து ஒரு தென்னம் ஈர்க்க முறிச்சுக் கொண்டுபோயிருந்தன். கடைக்காரப் பிள்ளை அந்த ஈர்க்கப் பார்த்துட்டு ஒரே சிரிப்பு.”

நிஸ்றாவும் சிரித்தாள். மூச்சு வாங்கியது.

“இங்கயும் அதே பாடுதான். முதல் நாள் சின்னவன் ஒரு பிடி சோறு தின்னல்ல. உன்ட பழைய சீலை ஒண்டு பையில கிடந்திச்சு. அதக் குடுத்தன். சுருட்டிக் கட்டிப்பிடிச்சிட்டு நித்திரையாகிட்டான். அடுத்த நாள் நாலும் ஒரே பாயில படுத்து, ஒண்ட ஒண்டு உதைச்சி, வீடே ரெண்டுபட்டுப் போச்சு.”

பிள்ளைகள் எப்போது தவழ்ந்தார்கள், எந்தப் படியில் விழுந்தார்கள், எந்த மாதம் இருமினார்கள் என்று யசோதினியால் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல முடியும். அந்தச் சில நாட்கள் மட்டும்தான் அவளிடம் இல்லை. நிஸ்றாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்க ரெண்டு பேரும் எங்க நிண்டீங்க?” என்று நிஸ்றா திடீரென்று கேட்டாள்.

இதை யசோதினி ஜெயந்தனோடுகூடப் பேசியதில்லை. ஊருக்குத் திரும்பியதும் சிங்கப்பூரில் எடுத்த படங்கள் அத்தனையையும் அடுப்பில் போட்ட மனிதர் அவர்.

“கேபிள் காரில. அது கடலுக்கு மேலால போகும். கீழ தண்ணி நல்ல நீலமா, கண்ணாடி மாதிரிக் கிடந்திச்சு. ‘நம்மட வாசல்ல கிடக்கிற கடலப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தம்’ எண்டு இவர் பகிடி விட்டார்.”

“நீ சிரிச்சியா?”

“நிஸ்றாக்கா...”

“சிரிச்சியா எண்டு கேட்டன்.”

“சிரிச்சன்.” யசோதினியின் குரல் உடைந்தது. “கண்ணால தண்ணி வரச் சிரிச்சன். அண்ணன்ட வீட்ட வந்து பார்த்தா ரீவியில நம்மட கரை. போன் எடுத்தா ஒரு சத்தமும் இல்ல. நாங்க போகாம இருந்திருந்தா... பிள்ளைகள உங்களிட்ட விடாம இருந்திருந்தா...”

“அழுவாத புள்ள. நீ அங்க சந்தோசமா இருந்தியா எண்டுதான் இவ்வளவு காலமும் கேக்க நினைச்சன். இருந்திருக்காய். அது போதும்.”

அந்தப் ‘போதும்’ யசோதினியின் நெஞ்சில் குத்தி நின்றது. சுனாமி நடந்ததும் நிஸ்றாவின் கணவன் மீராசாஹிப் கட்டாரிலிருந்து ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டார். மனைவியோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அங்கேயே மௌத்தாகி அடக்கமானார்.

தாதி ஒருத்தி தள்ளுவண்டியோடு வந்தாள். “வெளிக்கிடுவமா அம்மா? உங்கட மகன்மார் வெளியில நிக்கிறாங்க. கொண்டுபோக முதல் ஒருக்காப் பார்க்கோணுமாம்.”

“வரச் சொல்லுங்க மகள்.”

இரண்டு இளைஞர்கள் அவசரமாக உள்ளே வந்தார்கள். மண்டூர் முருகனிடம் நிஸ்றாவுக்காக நேர்த்தி வைத்துவிட்டு நேரே வந்திருந்தார்கள். இருவர் நெற்றியிலும் திருநீறு. கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, ஆளுக்கொரு கையைப் பிடித்து, “உம்மா” என்று குனிந்த நிதுர்ஷனும் திவாகரனும் யசோதினி பெற்ற பிள்ளைகள்.

கடல் வீட்டுக்குள் வந்த அந்தக் காலையில், நிஸ்றா தன் இரண்டு கைகளாலும் இவர்களைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவள் பெற்ற ஹில்மியும் றமீஸும் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.