கம்பியின் உயரம்

“கம்பியை நல்லா மேல தூக்கிடுங்க. இனிமே இவ விரலால அழுத்தப் போறதில்ல” என்றார் வந்தவர்.

கம்பியக்கா கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள். கிட்டார் ரிப்பேர் பார்ப்பதால் தெருவே அவளுக்கு வைத்த பெயர் அது. கம்பியை இறக்கித் தரச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்கள். பிள்ளைகள் வாசிக்கிற சின்ன கிட்டாரில் உயர்த்தச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

உயர்த்தினால் அழுத்தவே முடியாது, பிஞ்சு விரல் கிழிந்துவிடும் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் கம்பி கழுத்துக் கட்டையில் படக் கூடாது, அந்த உயரம் வேண்டும், அதுவும் இன்றைக்கே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அவருக்குப் பின்னால் அவருடைய மகள், பள்ளிக்கூடம் போகிற வயது, தொளதொளத்த ஸ்வெட்டருக்குள் கைகூட வெளியே தெரியாமல் ஒடுங்கி நின்றாள். வாயைத் திறக்கவில்லை, கிட்டாரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவிழ்ந்திருந்த ஷூ கயிற்றைக் கட்ட அவள் குனிந்ததுதான் தாமதம், “நீ விடு” என்று அவரே மண்டியிட்டுக் கட்டிவிட்டார். எழுந்தபோது அவருடைய கோட்டுப் பையிலிருந்த ஏதோ இரும்பு மேசைக் காலில் இடித்து ணங்கென்றது.

கம்பியக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சொந்த ஷூவைக்கூடக் கட்ட விடாதவர், வீட்டில் இந்தப் பெண்ணை என்ன பாடுபடுத்துகிறாரோ?

“பாப்பா நல்லா வாசிக்குமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“வாசிச்சா. அதை இவ முன்னால பேச வேண்டாம்.”

நாளைக்குப் பள்ளி இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்களாம், அதற்குள் கிட்டார் கைக்கு வர வேண்டுமாம். கம்பியை முறுக்கும் கீகளை மாற்றி உசத்தியானதாகப் போடச் சொன்னார். கம்பிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டுகளுக்குப் பதில் எலும்புத் துண்டுகள் வைக்கச் சொன்னார். சொல்லிவிட்டு மகளின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் வாசலில் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பாழாக்கப் போகிற கிட்டாருக்கு எதற்கு இவ்வளவு செலவு? கம்பியக்கா வெகுநேரம் யோசிக்கவில்லை. ‘எல்லாம் வாங்கிக் கொடுத்தேன், அவளுக்குத்தான் வரவில்லை’ என்று நாளைக்குக் கையை விரிப்பதற்குத்தான் என்று தானே முடிவுகட்டிக்கொண்டாள். முடிவுகட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நாலு பேர் முன்னால் அந்தப் பெண் தடுமாறி, அவமானப்பட்டு, ஜென்மத்துக்கும் கிட்டாரைத் தொடாமல் போக வேண்டும், அதுதான் அப்பனின் திட்டம்.

பழைய கம்பிகளைக் கழற்றியதும் கழுத்துக் கட்டையில் விரல்பட்டுத் தேய்ந்த தடங்கள் தெரிந்தன. ராப்பகலாக வாசித்த கை. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

உயர்த்துவதாவது! கடையில் மிச்சமிருந்த எலும்பை எடுத்து ராவு ராவென்று ராவினாள். கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைந்தால் அதிகம். ராவிய எலும்பைத் திரும்ப வளர்க்க முடியாது, வேறு துண்டு வர நாளாகும். எல்லாம் தெரிந்தேதான் செய்தாள். நாளைக்கு அந்தப் பெண் விரலை வைத்தாலே கிட்டார் பாடும், அப்பன் முகத்தில் ஈயாடாது.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். அவர் கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே முகம் இருண்டது.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?” என்றபடி கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

கம்பியக்கா மேசைக்கு அடியில் சுத்தியலைப் பற்றிக்கொண்டாள். அவர் வெளியே எடுத்தது தோல்வார் பொருத்திய, வழவழப்பான சின்ன இரும்பு உருளை. கிட்டாரை மேசைமேல் கிடத்தி, உருளையைக் கம்பிகள்மேல் வைத்து ஓட்டினார். அது கட்டையில் கடகடவென்று இடித்துக்கொண்டு போனதே தவிர, சுரம் ஒன்றும் எழவில்லை. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கிட்டாரைக் கிடத்தி உருளையை ஓட்டி வாசிக்கிற முறை கம்பியக்கா அறியாததல்ல. அதற்குக் கம்பி உயரமாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அது பெரியவர்கள் பெரிய கிட்டாரில் செய்கிற வித்தை என்று அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

“சின்னப் புள்ளைக்கு இந்த இரும்பெல்லாம் எதுக்குங்க?” என்று அவரைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். “நீ வாம்மா, பயப்படாத. எல்லாத்தையும் இறக்கி வெச்சிருக்கேன். சும்மா விரலை வெச்சாலே போதும்.”

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, ஸ்வெட்டர் மூடியிருந்த இடது கையை நீட்டி, முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“இந்தக் கையில விரல் இல்லக்கா.”