மூன்றாவது திருத்தம்

சத்தம் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய அந்த மெயிலை மறுபடி படிக்கிறேன். விளம்பரங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் வேண்டிய பின்னணி இசையை முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைக்கிற நிறுவனம் அனுப்பியது. 'மெட்டு மனதில் நிற்கிறது. பேசுகிறவர் குரலுக்கு இடைஞ்சல். குறைக்கவும்.' மனதில் நிற்பது குற்றமாம்! இதுவும் திரும்பி வந்தால் பட்டியலிலிருந்து என் பெயரையே எடுத்துவிடுவார்களாம். முதலில் புல்லாங்குழலை எடுத்தேன், நேற்று வயலினை. இப்போது மிச்சமிருக்கிற பியானோ மெட்டையும் திரையில் அழிக்கிறேன். ஜன்னல் வெயில் கீபோர்டில் படிந்த தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்பீக்கரில் என்னவோ மெத்துமெத்தென்று ஓடுகிறது. அதை இசை என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஈரத்துணி வாளியோடு அக்கா கதவருகே வந்து நிற்கிறாள். "எப்படா போடப் போறே? கேட்டுட்டுப் போய்த் துணி காயப்போடணும்." "ஓடிக்கிட்டுதான்க்கா இருக்கு." "எங்கே?" என்று காதைச் சாய்க்கிறாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே." இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பிவிடுகிறேன். மாடிப்படி ஏறுகிற அக்கா, நான் அழித்த மெட்டைக் கொஞ்சமும் பிசகாமல் முணுமுணுத்துக்கொண்டே போகிறாள்.