சிவப்புத் தொப்பி

“யாரும் திரும்பிப் பாக்காதீங்க. அதே ஆளுதான்.”

உதடு அசையாமல் சொன்ன சின்னதுரை, சொன்ன கையோடு தானே திரும்பிப் பார்த்தார். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில், பூக்கடைக்கு எதிரே, சிவப்புத் தொப்பி போட்ட மீசைக்காரன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். காலையில் விடுதி வாசலில் நின்றவனும் இவன்தான்.

சின்னதுரை பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். ஏழு மாணவர்களை ஐந்து நாள் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்து வந்திருந்தார். அதில் இர்பானா, ஜெயசித்ரா, ஹுமா என்று மூன்று பேர் பெண் பிள்ளைகள். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வழியனுப்ப வந்த இர்பானாவின் அம்மா நஜ்முன்னிசா, “ஒங்கள நம்பித்தான் சார் அனுப்புறேன்” என்று சொன்னது இன்னும் அவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

தொப்பிக்காரன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தான். அதைப் பார்த்தான், இவர்களைப் பார்த்தான், மறுபடியும் அதைப் பார்த்தான். போட்டோ! எந்தப் பிள்ளையின் போட்டோவோ, பாவி கையில் எப்படிச் சிக்கியதோ!

“இர்பானா, அவன உனக்குத் தெரியுமா?”

“அல்லாவே! தெரியாது சார்.”

“ஜெயசித்ரா, உனக்கு?”

“எனக்கெங்க சார் தெரியும்? பாத்தா நம்மூரு ஆளு மாதிரிதான் இருக்காரு.”

“நம்மூர்ல மட்டும் அயோக்கியனே கெடையாதா? பேசாம நடங்க.”

மறுநாள் ரயிலில் ஏறினால், அதே பெட்டியின் அந்தக் கோடியில் தொப்பி. மதியம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால், மூன்று மேசை தள்ளித் தொப்பி. அந்த நேரம் பார்த்துத்தான் பையன்களில் ஒருவனான சுரேஷ்குமார் தலையைச் சொறிந்தான்.

“சார், இவ்ளோ தூரம் வந்துட்டோம். ஒரே ஒரு பீர்...”

“கைய ஒடிச்சிருவேன் ராஸ்கல்!”

சின்னதுரை போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. தொப்பிக்காரன் மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டான். சிரிப்பைப் பார், திருட்டுச் சிரிப்பு என்று சின்னதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனுஷனுக்கு இது நல்லது நடக்கவேண்டிய நேரம். முப்பத்து நாலு வயதுக்குள் பதினோரு இடம் தட்டிப்போய், இப்போதுதான் ஆண்டிமடத்தில் அமிர்தவல்லி என்று ஒரு பெண் அமைந்திருந்தாள். பார்த்தது ஒரே ஒரு தடவை. அதற்கே, நிச்சயம் ஆவதற்கு முன்பே, சிங்கப்பூரில் இறங்கியதும் அவளுக்கு ஒரு சேலை எடுத்துப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திவிட்டார்.

கிளம்பும்போது தரகர் தங்கராசு தெம்பாகத்தான் பேசினார். “ஜாதகம் பொருந்திருச்சு. போட்டோ குடுத்தாச்சு. தாய்மாமன் பார்வை ஒண்ணுதான் பாக்கி. நீங்க போயிட்டு வாங்க தம்பி, அதுக்குள்ள அதுவும் முடிஞ்சிடும்.”

இந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் கல்யாணமா நடக்கும்? கம்பிதான் எண்ண வேண்டும். சின்னதுரைக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை. டிஜிட்டல் கேமரா வந்த புதிது. பையன்கள் நாலு பேரும் ஒரு கேமரா கடைக்குள் புகுந்துகொண்டார்கள். பெண்கள் மூவரோடு சின்னதுரை வாசலில் நின்றார். அப்போது தொப்பிக்காரன், முதல் தடவையாக, அவர்களை நோக்கி நேராக நடந்து வந்தான். கையை வேறு உயர்த்திக்கொண்டு வந்தான்.

“ஐயையோ, ஓடுங்க!”

ஒரு கையில் இர்பானா, மறு கையில் ஹுமா. ஜெயசித்ராவை முன்னால் விரட்டிக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் பாய்ந்தார். உள்ளே ஒரே இருட்டு. நீல விளக்கு வெளிச்சத்தில் சுவர் முழுக்கப் பாட்டில்கள் மின்னின.

“சார், இது அந்த மாதிரி கடை சார்!” என்றாள் ஜெயசித்ரா.

“இருந்துட்டுப் போவுது. உசுரு முக்கியம். ஆளுக்கொரு ஜூஸ் குடிங்க.”

தொப்பிக்காரன் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தான். அவன் வாய் பிளந்தது. தொப்பியைக் கழற்றினான், தலையில் அடித்துக்கொண்டான், விறுவிறுவென்று போய்விட்டான். மீதி இரண்டு நாளும் ஆளையே காணோம்.

“பாத்தீங்களா? நம்மகிட்ட நடக்குமா?” என்று சின்னதுரை மார்தட்டிக்கொண்டார். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளை முழுசாகப் பெற்றவர்களிடம் ஒப்படைத்தார். “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்று நஜ்முன்னிசா வாயார வாழ்த்தினார். சேலை இருந்த பெட்டியோடு பெருமையாகத் திரும்பினால், அங்கே தங்கராசு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

“பொண்ணு வூட்ல வேணாம்னுட்டாங்க தம்பி.”

சின்னதுரை பெட்டியைக் கீழே வைத்தார். “ஏங்க? தாய்மாமன் பாக்கவே இல்லியா?”

“பாத்தாருங்க. அவரு பத்து வருசமா சிங்கப்பூர்லதான கொத்தனாரு வேல பாக்குறாரு! மாப்பிள்ளைக்குத் தெரியாமத்தான விசாரிக்கணும், அதான் லீவு போட்டுட்டு ஒங்க பின்னாடியே சுத்தியிருக்காரு. ரெண்டு நாளும் போன் போட்டு, ‘பையன் சொக்கத்தங்கம், கட்டிக் குடுத்துடலாம்’னு ஒரே புகழ்ச்சி. மூணாம் நாளு நேர்ல வந்து கை குடுக்கறதாத்தான் இருந்தாரு.”

தங்கராசு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பொம்பளப் புள்ளைங்கள கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு, பாருக்குள்ள ஏன் தம்பி பூந்தீங்க?”