ஒற்றைப் புள்ளிக்காரி

"அந்த ஒத்தைப் புள்ளிக்காரியைத் தூக்கிட்டு, மூணு புள்ளி வெச்சிருக்கிற நெட்டைப் பொண்ணை இறக்கு" என்றார் மகளிர் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துச் சங்கத்தின் தலைவர். கதவைக்கூடத் தட்டாமல் அணியின் அறைக்குள் வந்திருந்தார்.

நாற்காலிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பெண் பயிற்சியாளர் நிமிரவில்லை.

"அவ பந்து போட மாட்டா சார். எதிராளியை மறிச்சு நிப்பா. அந்தச் சந்துலதான் உங்க பொண்ணு..."

"என் பொண்ணு நாலரைப் புள்ளி. அவளுக்கு எவளும் மறிச்சு நிக்க வேண்டாம். தேசிய அணிக்கு ஆள் எடுக்க வந்திருக்காங்க. இந்தத் தண்டமெல்லாம் கூட உருண்டா மானம் போகும். மத்த மூணு பேரை மாத்தாதே."

"புள்ளிக்கு ஒரு கணக்கு இருக்கு சார்."

"எனக்கே கணக்கு சொல்றியா? சொன்னதைச் செய். இல்ல, வீட்டுக்குப் போ."

"சரி சார்."

விசில் ஊதியபோது களத்தில் நெட்டைப் பெண் இருந்தாள்; தலைவரின் மகள் இல்லை, அவள் இடத்தில் இரண்டு புள்ளிக்காரி ஒருத்தி. ஓரத்தில், ஒற்றைப் புள்ளிக்காரியின் பக்கத்தில் இருந்தாள். தலைவர் பாய்ந்து வந்தார்.

"ஏம்மா, என் பொண்ணை எதுக்கு வெளிய உக்கார வெச்சே?"

பயிற்சியாளர் வாய் திறக்குமுன் மகள் திரும்பினாள்.

"அப்பா, புள்ளி திறமைக்குப் போடுறது இல்ல. உடம்புல எவ்வளவு அசையுதோ அதுக்குப் போடுறது. அஞ்சு பேருக்கும் சேர்த்துப் பதினாலைத் தாண்டக் கூடாது. இவ ஒண்ணா இருந்ததாலதான் நான் நாலரையா உள்ள இருந்தேன்."

தலைவர் நெட்டைப் பெண்ணைப் பார்த்தார்.

"ஆள் எடுக்குறவங்க அதோ இருக்காங்க" என்றாள் மகள். "போய், என் பொண்ணு நல்லா உக்காருவான்னு சொல்லுங்க."