தொடக்கூடாத பெட்டி

பேருந்து நேரம் சொல்லும் இணையதளத்தை நடத்தும் தணிகாசலம், ஆறு வருடமாகத் தன் தளத்தில் இருக்கும் விளம்பரப் பெட்டியைத் தொட்டதில்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு தரும் விளம்பர நிறுவனம், அவரே அழுத்தினாலும், பிறரை அழுத்தச் சொன்னாலும் கணக்கை முடக்கிவிடும். வீட்டுக்கு வந்து அதை அழுத்தப்போன மைத்துனர் கையைக்கூடத் தட்டிவிட்டிருக்கிறார்.

இன்று அந்த நிறுவனத்தின் விதி மாறியது. சிறிய தளங்களுக்கு இனி விளம்பரமே கிடையாதாம். தளம் நடத்துவோரின் வாட்ஸப் குழு ஒப்பாரி வைத்தது. வெறுமையாகிப்போன பெட்டியில் மனைவி செண்பகம் வீட்டுப் பூனையின் படத்தைப் போட்டு, அழுத்தினால் கத்தும்படி செய்தாள்.

"தொடலாமா?"

"தொடுங்களேன். இனி இது நம்ம பெட்டிதானே!"

அழுத்தினார். மியாவ். மறுபடியும் அழுத்தினார். ஜன்னலில் படுத்திருந்த பூனை திடுக்கிட்டுக் காதைத் தூக்கியது. தணிகாசலத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆறு வருடமாக வாயைவிட்டு வராத வார்த்தையைக் குழுவில் எழுதினார்:

"எல்லாரும் வந்து அழுத்துங்கப்பா!"